மூன்று வரைபு, ஒரே கிடை அச்சு: திருகோணமலை மீன்பிடித் தரவில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பக்கத்தில் மூன்று வரைபுகளை அடுக்குவது கடைசி நேரத்து வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தரவு சேர்த்தாயிற்று, பகுப்பாய்வு முடிந்தது, இனி படங்களை ஒட்டி வைத்தால் சரி என்ற எண்ணம். ஆனால் அடுக்கு பிழைத்தால், தரவில் ஓர் எண்கூடப் பிழையில்லாமலே வாசிப்பவர் பிழையான முடிவுக்குப் போய்விடுவார். இங்கே எழுதுவது அப்படி நடந்த ஒரு நிகழ்வு. எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது, ஆர் (R) என்ற தரவுப் பகுப்பாய்வுக் கணினி மொழியில் அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இதே சிக்கலோடு வேறு மாணவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

கேள்வியும் தரவும்

திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, கரையோர மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பதிவுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கித் தரவாக மாற்றியிருந்தார். அவருடைய கேள்வி நேரடியானது. மாரி காலத்தில் கரைக்கு வரும் மீன் குறைகிறது. அது கடலில் மீன் கிடைப்பது குறைவதாலா, இல்லை வள்ளங்கள் கடலுக்குப் போகும் நாட்கள் குறைவதாலா?

கிழக்குக் கரையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் உச்சம் தொட்டு ஜனவரியில் தணியும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், கரைவலை இழுப்பது நின்றுபோகும், சிறிய வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும். சித்திரை பிறந்தால் நிலைமை மாறும். தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கரையில் கடல் பெருக்கெடுக்கும்போது எங்கள் பக்கம் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி போட்டுத் தங்குவதும் இந்தக் காலத்தில்தான். ஆகவே மழையும் மீனும் எதிரெதிர்த் திசையில் ஏறி இறங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாணவி அறிய விரும்பியது, அந்த ஏற்ற இறக்கத்தில் எது முந்துகிறது, எது கூடவே போகிறது என்பதை.

அவரிடம் மூன்று மாதாந்தத் தொடர்கள் இருந்தன. மழை, மில்லிமீற்றரில்; மாரி மாதங்களில் மூன்று இலக்கம். வள்ளங்கள் கடலுக்குப் போன நாட்கள், இரண்டு இலக்கம். கரைக்கு வந்த மீன், கிலோவில்; காற்புள்ளியோடு ஐந்து இலக்கம். மழையைச் சலாகை வரைபாகவும், நாட்களைக் கோட்டு வரைபாகவும் வரைந்திருந்தார். மீனைக் கரைவலை, செவுள்வலை, தூண்டில் என மூன்று நிறக் கோடுகளாகப் பிரித்து, வலது பக்கத்தில் எந்த நிறம் எந்த வலை என்று சொல்லும் குறிப்பை, அதாவது லெஜண்டை, வைத்திருந்தார். இலக்க எண்ணிக்கையையும் லெஜண்டையும் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரச்சினையின் வேர் அங்கேதான்.

கூட்டத்தில் நடந்தது

முதலில் அவர் செய்தது, புதிதாக ஆர் படிக்கும் எல்லோரும் செய்வது: அடிப்படை ஆரின் பார் (par) கட்டளையில் எம்எஃப்ரோ (mfrow) கொடுத்துப் பக்கத்தை மூன்றாகப் பிரித்தார். வரைபுகள் ஜிஜிபிளொட்2 (ggplot2) என்ற, ஆரோடு தனியாகச் சேர்க்கும் வரைபுப் பக்கேஜ் கொண்டு வரைந்தவை என்பதால் அந்தக் கட்டளை எதையும் மாற்றவில்லை. ஜிஜிபிளொட்2 நிற்பது கிரிட் (grid) என்ற வேறோர் அடித்தளத்தின் மேல்; கிரிட்டை உருவாக்கியவர் போல் மரல் (Paul Murrell). எம்எஃப்ரோவை அது கவனிப்பதேயில்லை. அப்புறம் கிரிட்எக்ஸ்ட்ரா பக்கேஜில் இருக்கும் கிரிட்.அரேஞ்ச் கட்டளையால் மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினார். இடம் மிச்சம் பிடிக்க, மேலுள்ள இரண்டு வரைபுகளிலும் மாதப் பெயர்களை நீக்கி, கீழே மீன் வரைபில் மட்டும் விட்டார். பார்வைக்கு நேர்த்தியான படம்.

அந்தப் படத்தை அச்செடுத்துச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். செயலாளர் ஐயா விரலை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்:

“பிள்ளை, இதைப் பாத்தா மழை வாறதுக்கு முதலே மீன் குறைஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு?”

அவர் வாசித்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக வரைபு வைத்தால், மேலிருந்து நேராகக் கீழே வந்தால் அதே மாதம் கிடைக்கும் என்று யாரும் நம்புவார்கள். அடுக்கி வைப்பதே அந்த வாக்குறுதியைக் கொடுப்பதுதான். படம் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை.

அச்சுத் தாளில் அளவுகோல் வைத்துப் பார்த்தோம். படத்தின் அகலம் 16 செ.மீ. மழை வரைபின் பனல், அதாவது அச்சுக்களுக்கு உள்ளே சலாகைகள் நிற்கும் நீள்சதுரம், இடது விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1.5 செ.மீ.யில் தொடங்கி 15.9 செ.மீ.யில் முடிந்தது. அகலம் 14.4 செ.மீ.; மாதமொன்றுக்கு 1.2 செ.மீ. மீன் வரைபின் பனலோ 2.2 செ.மீ.யில் தொடங்கி 13 செ.மீ.யிலேயே முடிந்துவிட்டது. ஐந்து இலக்க எண்கள் இடது பக்கத்தைத் தின்றன, லெஜண்ட் வலது பக்கத்தைத் தின்றது. அகலம் 10.8 செ.மீ.; மாதமொன்றுக்கு 0.9 செ.மீ.

இப்போது ஒக்டோபரைப் பாருங்கள். மழை வரைபில் அதன் நடு 1.5 + 9.5 × 1.2, அதாவது 12.9 செ.மீ. அங்கிருந்து நேராகக் கீழே வந்தால் மீன் வரைபில் டிசம்பர் நிற்கிறது (2.2 + 11.5 × 0.9 = 12.55). நவம்பர் மழை 14.1 செ.மீ.யில், அதற்குக் கீழே மாதமே இல்லை, லெஜண்ட்தான். மறுபக்கம், மீன் கோடு விழும் நவம்பர் 11.65 செ.மீ.யில். அதற்கு நேர் மேலே மழை வரைபில் இருப்பது செப்டெம்பர், மழை இன்னும் ஏறாத மாதம். ஐயா பார்த்தது சரிதான். காகிதத்தில் மீன் விழுந்த பிறகுதான் மழை ஏறுகிறது. தரவில் அப்படி இல்லை.

ஏன் இப்படி ஆகிறது

ஒரு ஜிஜிபிளொட் வரைபைப் பிரித்துப் பார்த்தால் அது ஓர் அட்டவணை. இடமிருந்து வலமாக ஓர வெளி, நிலைக்குத்து அச்சின் தலைப்பு, அச்சு எண்கள், பனல், லெஜண்ட், மறுபடி ஓர வெளி. இவற்றில் பனலைத் தவிர மற்றதெல்லாம் தமக்கு வேண்டிய இடத்தை சென்ரிமீற்றர் கணக்கில் முதலில் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவும் பனலுக்கு. கிரிட்டில் இதற்கு நல் (null) அலகு என்று பெயர்.

கிரிட்.அரேஞ்ச் செய்வது பக்கத்தைச் சம பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு முழு வரைபை வைப்பது. பெட்டிகள் சமம், உள்ளே இருக்கும் பனல்கள் சமமில்லை. எங்கள் கண் ஒப்பிடுவது பனல்களைத்தானே தவிரப் பெட்டிகளை அல்ல. மேலே மழையின் நவம்பரில் தூக்குக்குண்டைப் பிடித்தால், அது கீழே மீனின் நவம்பரில் தொட வேண்டும். அடுக்குதல் என்றால் அதுதான்.

அடிப்படை ஆரில் இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஓர வெளி மார் (mar) என்ற அமைப்பால் வரிக் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது, கீழே 5.1, இடது 4.1, மேலே 4.1, வலது 2.1 வரிகள். எண் நீளமானாலும் குறுகினாலும் பனல் நகராது. எண் மிக நீண்டால் அச்சுத் தலைப்பின் மேல் ஏறும், அல்லது வெட்டுப்படும். பனல் அசையாமல் நிற்பதற்குக் கொடுக்கும் விலை அது. ஜிஜிபிளொட்2 எழுத்தைக் காப்பாற்றுகிறது, பனலை நகர விடுகிறது. தனி வரைபுக்கு அது நல்ல முடிவு. அடுக்கும்போது மட்டும் அதை நாம் கவனிக்க வேண்டும்.

சரிசெய்யும் வழிகள்

எண்களுக்கு முன்னால் வெற்றிடம் சேர்த்து எல்லா லேபல்களையும் ஒரே நீளமாக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். எழுத்துரு மாறினால், அகலம் மாறினால், அடுத்த ஆண்டு எண்ணில் ஓர் இலக்கம் கூடினால் எல்லாம் மறுபடி குலையும்.

பழைய முறையான வழி: ஒவ்வொரு வரைபையும் ஜிஜிபிளொட்குரொப் கட்டளையால் அந்த உள் அட்டவணையாக மாற்றி, மூன்றின் நிரல் அகலங்களையும் எடுத்து, யுனிட்.பிமாக்ஸ் கொண்டு ஒவ்வொரு நிரலிலும் பெரியது எது என்று பார்த்து, அந்த அகலத்தையே மூன்றுக்கும் திருப்பிக் கொடுப்பது. மீன் வரைபின் எண்களுக்குத் தேவையான இடம் மழை வரைபிலும் வெறுமையாக ஒதுக்கப்படும். பனல்கள் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும். இன்று இதைக் கையால் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒருமுறை செய்து பார்த்தால் மற்றப் பக்கேஜ்கள் உள்ளே என்ன செய்கின்றன என்பது பிடிபட்டுவிடும். மாணவர்களை நான் இதைச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

கிளவுஸ் வில்க்கே எழுதிய கௌபிளொட் பக்கேஜின் பிளொட்_கிரிட் கட்டளையில் அலைன் என்ற தெரிவு உண்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் அதற்கு வி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எச். வரைபுகளின் அமைப்பு வேறுபட்டால், ஒன்று மட்டும் பல சிறு பனல்களாகப் பிரிந்திருந்தால், அலைன் மட்டும் போதாது. அக்சிஸ் என்ற தெரிவில் இடது, வலது விளிம்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் அலைன் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் எடுத்தது தோமஸ் லின் பீடர்சன் எழுதிய பட்ச்வேர்க். அதன் 1.0.0 பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. இதில் பனல்களை நேராக்குவதுதான் இயல்பு நிலை. தனியாகக் கேட்க வேண்டியதில்லை. மழை, கடல், மீன் என்று மூன்று வரைபுப் பொருட்கள் இருந்தால், மழை / கடல் / மீன் என்று சரிவுக்கோடு போட்டு எழுதினால் ஒன்றின் கீழ் ஒன்று. மழை | கடல் | மீன் என்று நிலைக்கோடு போட்டால் பக்கத்தில் பக்கத்தில். பிளொட்_லேஅவுட்டில் உயர விகிதம் கொடுக்கலாம். மழைக்கு 1, நாட்களுக்கு 1, மீனுக்கு 2 என்று கொடுத்தோம், ஏனெனில் மூன்று கோடுகள் இருப்பது மீனில். கைட்ஸ் தெரிவில் கலெக்ட் என்றால் லெஜண்டுகள் ஓரிடத்தில் சேரும். 1.2.0 பதிப்பிலிருந்து ஒரேமாதிரியான அச்சுக்களையும் அப்படிச் சேர்க்கலாம். மேல் வரைபுகளின் மாதப் பெயர்களைக் கையால் நீக்கும் வேலை இல்லை.

குறியீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று வரைபுக்கும் ஒரே தீம், அதாவது எழுத்து, பின்னணி போன்ற தோற்ற அமைப்பு, போட அம்பர்சண்ட் (&) குறி பயன்படும். கூட்டல் குறி போட்டால் கடைசி வரைபுக்கு மட்டும் போகும். ஆனால் ஆரின் முன்னுரிமை வரிசையில் அம்பர்சண்ட், சரிவுக்கோட்டுக்குப் பிந்தியது, நிலைக்கோட்டுக்கு முந்தியது. ஆகவே மழை / மீன் & தீம் என்றால் இரண்டுக்கும் போகும்; மழை | மீன் & தீம் என்றால் மீனுக்கு மட்டுமே போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது அடைப்புக்குறி போட்டு எழுதுவதைக் கையோடு பழக்கிக்கொள்ளுங்கள்.

பனல் நேராகிவிட்டது, மாதம் நேராகவில்லை

பட்ச்வேர்க் போட்டதும் பனல்கள் அளந்து வெட்டியது போல நேராக வந்தன. பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நவம்பர் இன்னும் சற்று விலகித்தான் நின்றது. இந்த நிகழ்வில் நான் அதிகம் முக்கியமாக நினைப்பது இந்தக் கட்டத்தைத்தான். பனல்களை நேராக்குவது பக்கேஜின் வேலை. பனலுக்குள் இருக்கும் அளவுத்திட்டத்தை ஒன்றாக்குவது நம்முடைய வேலை.

மாதத் தரவை அவர் ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதியில் வைத்திருந்தார். கோட்டு வரைபில் புள்ளிக்கு அகலம் கிடையாது, ஆகவே அச்சு ஜனவரி 1 முதல் டிசம்பர் 1 வரை போய், இருபக்கமும் வழக்கமான 5 வீத வெளியோடு நின்றது. சலாகைக்கு அகலம் உண்டு. சலாகை வரையும் ஜியோம்_கொல் கட்டளை, தரவில் உள்ள மிகச் சிறிய இடைவெளியின் 90 வீதத்தைச் சலாகையின் அகலமாக எடுக்கும். மாதத் தரவில் மிகச் சிறிய இடைவெளி பெப்ரவரியின் 28 நாட்கள். ஆகவே சலாகை ஏறக்குறைய 25 நாள் அகலம், திகதிக்கு இருபுறமும் பாதிப் பாதி. ஜனவரிச் சலாகை முந்திய டிசம்பர் 19 அளவிலேயே தொடங்கிவிடும். இரண்டு பனல்களும் ஒரே அகலம், ஆனால் ஒன்றில் இருக்கும் நாட்கள் அதிகம்.

இதற்கு எல்லை கொடுக்கப் போனால் அடுத்த சிக்கல். ஸ்கேல்_எக்ஸ்_டேட்டில் எல்லையை ஜனவரி 1 என்று வைத்தால், முதல் சலாகையின் இடது விளிம்பு எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. ஆர் அந்தச் சலாகையையே நீக்கிவிட்டு ஒரு வரி எச்சரிக்கை மட்டும் தரும். அந்த எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை; ஜனவரி மழை படத்திலிருந்து காணாமல் போகும். கோர்ட்_காட்டீசியனில் எல்லை கொடுத்தால் எதுவும் நீங்காது, பார்வை மட்டும் குறுகும். நாங்கள் செய்தது இன்னும் எளிது: எல்லா மாதத் தரவையும் 15ஆம் திகதிக்கு மாற்றினோம். சலாகை அந்தந்த மாதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. பிறகு ஒரே எல்லை, வெளி பூச்சியம், மூன்று வரைபுக்கும் அம்பர்சண்ட் போட்டு ஒரே வரியில்.

மாதப் பெயர்களைச் சொற்களாகவே விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படி விட்டால் ஆர் அகரவரிசையில் அடுக்கும். சங்கத்துப் புத்தகத்தில் மாதங்கள் தை, மாசி என்றுதான் எழுதப்பட்டிருந்தன. அப்படியே உள்ளிட்டால் ஆடி முதலிலும் வைகாசி கடைசியிலும் வரும். அதோடு சொல் அச்சும் திகதி அச்சும் ஓர வெளியை வெவ்வேறு விதமாகக் கணக்கிடுவதால், இரண்டையும் கலந்து அடுக்கினால் ஒருநாளும் பொருந்தாது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. கார்த்திகை என்று எழுதியிருப்பது நவம்பரா, பஞ்சாங்கப்படி நவம்பர் நடுவில் பிறக்கும் கார்த்திகையா? எங்கள் பக்கத்தில் பேச்சில் நவம்பரையே கார்த்திகை என்பார்கள், ஆனால் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. அரை மாதப் பிசகு எந்தப் பக்கேஜாலும் திருத்த முடியாதது. மாணவி செயலாளரிடமே கேட்டார். “காலண்டர் மாதந்தான் பிள்ளை, சம்பளக் கணக்கும் அதிலதானே” என்றார். மழைத் தரவோடு அப்படியே இணைக்கலாம் என்று அதன் பிறகுதான் உறுதியாயிற்று.

அச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த முடிவு. ஜனவரியில் தொடங்கினால் எங்கள் மாரி இரண்டாகப் பிளக்கும். ஜனவரி இடது கோடியில், நவம்பரும் டிசம்பரும் வலது கோடியில். நெல் செய்பவர்கள் பெரும்போகத்தை வைத்து ஒக்டோபரிலிருந்து ஆண்டைக் கணக்கிடுகிறார்கள். இந்தத் தரவுக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடித்தோம். அமைதிக் கடல் முழுதாக இடது பக்கம், மாரி முழுதாக வலது பக்கம். படம் ஒரு பார்வையில் வாசிக்கக்கூடியதாக மாறியது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

திருத்திய படத்தில், இந்தச் சங்கத்தின் பதிவைப் பொறுத்தவரை, கடல் நாட்கள் விழும் அதே மாதத்தில் மீனும் விழுந்தது. மாணவியின் கேள்விக்கு நேரான விடை தருவது, கடலுக்குப் போன ஒரு நாளுக்கு எத்தனை கிலோ என்ற நான்காவது பனல். மீன்வளத் துறையில் முயற்சி அலகுக்கான பிடி என்பார்கள். அதையும் அதே அச்சில் கீழே சேர்த்தார். முதல் மூன்றும் பொருந்தாமல் இருந்திருந்தால் இந்தப் பனல் தேவை என்ற யோசனையே வந்திருக்காது.

பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டிய இடம்

ஆய்வில் இன்னொரு படமும் இருந்தது. கிண்ணியா, மூதூர், குச்சவெளி என மூன்று இடங்களின் மாதாந்த மீன் அளவு. முதல் வரைவில் மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி நிலைக்குத்து அச்சு. மூன்று கோடுகளும் பனலின் உச்சியைத் தொட்டன. எந்த இடத்தில் அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று எண்களை வாசிக்காமல் சொல்ல வழியில்லை.

இங்கே ஒப்பிட வேண்டியது மாதத்தை அல்ல, அளவை. ஆகவே நிலைக்குத்து அச்சு பொதுவாக வேண்டும், பனல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த அச்சில் ஒப்பிடுகிறோமோ அந்த அச்சு ஒரே நேரில் இருக்க வேண்டும் என்பதுதான் திசையைத் தீர்மானிக்கிறது. தாளில் இடம் எங்கே இருக்கிறது என்பதல்ல. வில்லியம் கிளீவ்லண்டும் ரொபேர்ட் மக்கில்லும் 1984இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஆதாரம் தருகிறது. ஒரே பொது அளவுத்திட்டத்தில் உள்ள இடத்தை ஒப்பிடுவதைத்தான் மனிதக் கண் அதிகத் துல்லியமாகச் செய்கிறது. ஒரேமாதிரியான ஆனால் நேராக இல்லாத அளவுத்திட்டங்கள் அதற்கு அடுத்தபடி. நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்கும் கீழே.

மூன்றும் ஒரே வகை அளவு என்பதால் இதற்குப் பட்ச்வேர்க்கும் தேவையில்லை. மூன்று நிரல்களையும் பிவட்_லொங்கர் கொண்டு ஒரு நீள அட்டவணையாக்கி, ஃபெசெட்_ரப் போட்டால் போதும். அதன் இயல்பு நிலையே எல்லாப் பனலுக்கும் ஒரே அளவுத்திட்டம். மாணவி அதில் ஃப்ரீ_வை சேர்த்திருந்தார், படம் நிறைந்து தெரிய வேண்டும் என்று. அதை எடுத்துவிட்டோம். குச்சவெளிக் கோடு பனலின் அடியில் தாழ்ந்து கிடந்தால், அது வாசகருக்குத் தெரிய வேண்டிய உண்மை.

மழையையும் மீனையும் ஒரே பனலில் வைத்து, இடதில் ஓர் அச்சும் வலதில் ஓர் அச்சும் போட முடியாதா என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். ஜிஜிபிளொட்2இல் இரண்டாம் அச்சு உண்டு, ஆனால் அது முதல் அச்சின் ஒரு மாற்றாக மட்டுமே இருக்க முடியும், வேண்டுமென்றே அப்படிக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். காரணம் நியாயமானது. மில்லிமீற்றரையும் கிலோவையும் எந்த விகிதத்தில் பொருத்துவது என்பது வரைபவர் கையில். விகிதத்தை மாற்றினால் கோடுகள் வெட்டும் மாதமும் மாறும். அந்த வெட்டுப்புள்ளிக்குக் கடலில் எந்தப் பொருளும் இல்லை.

தாளுக்கு வரும்போது

ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். இரு பக்கமும் 2.5 செ.மீ. விட்டால் 16 செ.மீ. மிஞ்சும். ஜிஜிசேவில் அகலம் 16, அலகு செ.மீ., 300 டிபிஐ என்று கொடுத்து அதே அளவில் வரையுங்கள். எழுத்தின் அளவு புள்ளிக் கணக்கில் நிலையானது. பெரிதாக வரைந்து வேர்ட்டில் மூலையைப் பிடித்துச் சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கி 5 புள்ளிக்கு வந்துவிடும். திரையின் ஓரப் பலகையில் தெரியும் படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். சேமித்த கோப்பைத் திறந்து பாருங்கள்.

சங்கக் கூட்டத்துக்குப் போவது கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதி. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகும். கோட்டின் வகையை மாற்றி, வலைப் பெயரைக் கோட்டின் முடிவிலேயே எழுதினோம். லெஜண்ட் தேவையில்லாமல் போனதால் பனலுக்கும் அகலம் கூடியது.

தமிழ் எழுத்துப் பற்றி. ஆரின் சாதாரண பிடிஎஃப் வெளியீட்டில் தமிழ் சரியாக வராது. கொட்டியாரக்குடா என்று எழுதினால் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் போய் நிற்க வேண்டும், அதற்கு எழுத்தைக் கோக்கும் மென்பொருள் உள்ளே வேண்டும். ராக் (ragg) என்ற வெளியீட்டுப் பக்கேஜ் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற அந்த வகை மென்பொருள் கொண்டு இதைச் செய்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைக் குடும்பப் பெயராகக் கொடுத்தால் போதும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பழைய பட்டியல்களை முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அச்சில் ஆங்கில எழுத்துகள்தான் வரும். பனல்களுக்கு அ, ஆ, இ என்று குறியிடவும் முடியும்: பிளொட்_அனொட்டேஷனில் டாக்_லெவல்ஸ் தெரிவுக்கு அந்த எழுத்துகளைப் பட்டியலாகக் கொடுங்கள்.

பைதனில் வேலை செய்பவர்களுக்கு: மட்பிளொட்லிப்பின் சப்பிளொட்ஸ் கட்டளையில் ஷெயார்எக்ஸ் கொடுத்தால் கிடை அச்சு பொதுவாகும், எல்லையும் சேர்ந்தே மாறும். லேஅவுட்டில் கொன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்தால் லேபல்கள் ஒன்றோடொன்று மோதாது. பைதனிலும் சலாகையை மாத நடுவில் வைப்பது உங்கள் பொறுப்புத்தான்.

மாணவி எழுதிய ஆர் நிரல் இப்போது அந்தச் சங்கத்திடமே இருக்கிறது. செயலாளரின் மகன் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு விட்டுச்சென்ற குறிப்பில் மாற்ற வேண்டியதாக இருப்பவை அச்சின் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் மட்டும். இரண்டும் நிரலின் தலையில், எல்லா வரைபுக்கும் பொதுவான ஒரே வரியில் இருக்கின்றன.